விபத்தில்லாத ஆயிரமாவது நாள்

எங்கள் கம்பெனியில் விபத்து நடக்காது. கையில் கத்தி, காலடியில் வழுக்கும் மாந்தோல், முதுகுக்குப் பின்னால் கொதிக்கிற நீராவிக் குழாய், இதற்கு நடுவில் இருநூறு பெண்கள் நின்றுகொண்டு மாம்பழம் அறுக்கிறோம். ஆனாலும் நடக்காது. நடக்கவில்லை என்று வாசலிலேயே போர்டு வைத்திருக்கிறார்களே, அப்புறம் எப்படி நடக்கும்?

பங்காருபாளையத்துப் பக்கம் மாம்பழக் கூழ் எடுக்கிற கம்பெனி. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என்னை மட்டுமல்ல, போர்டு எழுதிய பெயிண்டரையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். என் பெயர் அலர்மேல்மங்கை, ஊர் கங்காதர நெல்லூர். வலது கையில் கத்தியைப் பிடித்தால் நிமிஷத்துக்கு எட்டுப் பழத்தைக் கொட்டை வேறு, சதை வேறாகப் போட்டுவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தக் கையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பழம் அறுப்பது தவிர எனக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. 'விபத்தில்லாத நாட்கள்' என்ற போர்டில் தினமும் காலையில் நம்பர் மாற்றி மாட்டுவது. கொக்கிகள் உயரத்தில் இருக்கின்றன. ஸ்டூல் போட்டு ஏறினால் அது 'உயரத்தில் செய்யும் பணி' ஆகிவிடுமாம். அதற்கு ஒரு படிவம், மூன்று பேர் கையெழுத்து, இடுப்பில் கயிறு, மூன்று நாள் அவகாசம். நான் நல்ல உயரம், கையை நீட்டினாலே கொக்கி எட்டும். ஆகவே கம்பெனியின் பாதுகாப்பு என் உயரத்தை நம்பி நடந்துகொண்டிருந்தது.

நாட்கள் எப்படி ஏறின என்று கேட்பீர்கள். சீசன் மூன்று மாதம், அதிகம் போனால் நான்கு. மற்ற நாளெல்லாம் கம்பெனி பூட்டிக் கிடக்கும், உள்ளே நாயும் காவல்காரரும்தான். அந்த நாட்களும் சேர்த்திதான். நாய்கூட அடிபடவில்லையே! சீசன் தொடங்கும் அன்று ஒரேயடியாக இருநூற்று நாற்பது நாளைக் கூட்டி மாட்டுவேன், எல்லோரும் கை தட்டுவார்கள்.

சீசனில் நடந்ததும் நடக்கவில்லை. போன வருஷம் ரத்னம்மா தோலில் வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்தது. அவளைப் புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டார்கள். இந்தப் பக்கத்தில் எலும்பு உடைந்தால் யாராயிருந்தாலும் புத்தூர்க் கட்டுதான், அதில் குற்றமில்லை. ஆனால் பதிவேட்டில் 'ரத்னம்மா, இரண்டு மாத விடுப்பு, குலதெய்வ வழிபாடு' என்று எழுதினார்கள். அவள் இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறாள். குலதெய்வம் சரியாகக் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

இந்த வருஷம், ஒரு சனிக்கிழமை. போர்டில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. மறுநாள் ஞாயிறு, ஆயிரமாவது நாள். விருது கொடுக்கிற சங்கத்திலிருந்து தலைவர் வருகிறார், பந்தல் போட்டாயிற்று, ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வந்து இறங்கிவிட்டது. மூன்று கொக்கி இருந்த போர்டில் நான்காவது கொக்கி அடித்தார்கள். பிறகுதான் ஆயிரத்துக்கு ஒரு 'ஒன்று' வேண்டுமே என்று நினைவு வந்து, ஃபிட்டரை விரட்டி அவசர அவசரமாகத் தகரத்தில் ஒன்று வெட்டினார்கள். சிவப்பு பெயிண்ட் அடிக்க நேரம் இருந்தது. ஓரத்தை அரம் வைத்து ராவ நேரம் இல்லை.

பதினோரு மணிக்கு சேஃப்டி ஆபீசர் ஸ்ரீஹரி என்னை அறுக்கிற மேஜையிலிருந்து கூப்பிட்டார். திருப்பதிப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச்.

"அக்கா, நாளைக்கு சங்கத்து சேர்மன் முன்னால நீங்க ஒண்ணை மாட்டணும். ரிஹர்சல் பாக்கலாம். சிரிச்சுக்கினே மாட்டுங்க. ஆறு செகண்டு."

முதல் தடவை ஒன்பது செகண்டு. இரண்டாம் தடவை ஏழு, ஆனால் சிரிக்கவில்லையாம். மூன்றாம் தடவை சிரித்தேன். தகரம் கொக்கியிலிருந்து நழுவியது, பிடித்தேன், கட்டைவிரல் அடியிலிருந்து உள்ளங்கை நடுவரை அறுத்துக்கொண்டு இறங்கியது.

"ஐயோ!" என்று கத்தினேன்.

ஸ்ரீஹரி முதலில் ஸ்டாப்வாட்சை நிறுத்தினார். பிறகு சுற்றிப் பார்த்தார். "கங்காரு படொத்து அக்கா, பதட்டப்படாதீங்க. ஏமி காலேது. ஒண்ணும் ஆவல. யாரும் பாக்கல."

"நான் பாத்தேனே சார்!"

முதலுதவி அறையில் நந்திதா என்று ஒரு நர்ஸ் பிள்ளை, வேலைக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. கையை விரித்துப் பார்த்தவுடனே, "இது தையல் போடணும் சார். சித்தூர் கூட்டிக்கினு போங்க, அரை மணி நேரம்தான்" என்றாள். படித்ததை அப்படியே சொல்லிவிட்டாள், பாவம்.

ஸ்ரீஹரி கதவைச் சாத்தினார். சுவரில் 'காயம் பட்டால் எங்கே போவது?' என்று ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. பச்சைக் கட்டத்தில் சின்னக் காயம், முதலுதவி அறை. மஞ்சள் கட்டத்தில் நடுத்தரக் காயம், ஆஸ்பத்திரி. சிவப்புக் கட்டத்தில் பெரிய காயம், திருப்பதி. பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே யாரோ பேனாவால் ஒரு அம்பு போட்டு 'புத்தூர்' என்று எழுதியிருந்தார்கள்.

"சிஸ்டர், ரூல்ஸ் தெரிஞ்சுக்கோங்க," என்றார் ஸ்ரீஹரி. "காயத்தை வெச்சு விபத்துன்னு சொல்றது இல்ல. வைத்தியத்தை வெச்சுதான் சொல்றது. பிளாஸ்டர் போட்டா முதலுதவி. கட்டுப் போட்டா முதலுதவி. ஊசி உள்ள பூந்து நூல் வெளிய வந்தா விபத்து. நீங்க தையல்னு வாயால சொன்னா ஆயிரம் நாள் போச்சு."

"ரத்தம் நிக்கலையே சார்."

"பிளாஸ்டர் போடுங்க."

ஒன்று போட்டாள், ஊறிப்போனது. இன்னொன்று, இன்னொன்று. ஏழு ஆயிற்று. ஒரு காயத்துக்கு ஒரு பிளாஸ்டர்தான் முதலுதவி என்று விதியாம். ஸ்ரீஹரி யோசித்து, "ஏழு சின்னக் காயம்னு எழுதிடுங்க" என்றார். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. எனக்கு வலியைவிட எரிச்சல் அதிகமாயிற்று. கட்டைவிரல் நுனி மரத்துப்போய், தொட்டால் யாருடைய விரலோ என்றிருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மேனேஜர் ராம்ப்ரசாத் அறையில் கூட்டம் போட்டார்கள். அவருக்குக் காபி வந்தது, எனக்கு உட்கார நாற்காலி வந்தது, கீழே ரத்தம் சொட்டாமலிருக்க ஒரு பழைய பேப்பர் வந்தது. அதில் கம்பெனி விருது வாங்கப்போகிற விளம்பரம் இருந்தது.

"இங்க பாரும்மா," என்றார் மேனேஜர், ரொம்ப அன்பாக. "உன் கைமேல எங்களுக்கு உன்னைவிட அக்கறை. அதனாலதான் அவசரப்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பல. அவசரம்தான் எல்லா விபத்துக்கும் காரணம். நம்ம கம்பெனியில காயம் பட்ட ஒருத்தரையும் நாங்க கைவிட்டது இல்ல. காயமே படலைன்னு அவங்களே எழுதிக் குடுக்கற வரைக்கும் பக்கத்துலயே இருந்திருக்கோம்."

ஸ்ரீஹரி ஒரு தாளை நீட்டினார். தெலுங்கில் டைப் அடித்திருந்தது, எனக்குப் படிக்கத் தெரியும். 'இன்று காலை வேலைக்கு வருமுன் வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, என் சொந்தக் கவனக்குறைவால்' என்று போயிற்று.

எனக்கு வந்ததே கோபம். "இன்னிக்கு இன்னா கெழமை சார்?"

"சனிக்கிழமை."

"சனிக்கெழமையில எங்க வூட்ல மீனா? பெருமாளுக்கு ஒரு பொழுது இருக்கற வூடு சார் அது! கை அறுந்துது, பொறுத்துக்கினேன். சனிக்கெழமை மீன் துன்னவள்னு எழுதி என்னையே கையெழுத்துப் போடச் சொல்றீங்களா?"

அதுவரை அசையாத மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஸ்ரீஹரி, என்னய்யா இது! திருப்பதியில பொறந்துட்டு! மனுஷங்க மனசைப் புண்படுத்தலாமா? மாத்து, மாத்து. வாழைக்காய்னு போடு."

வாழைக்காய் என்று போட்டு எடுத்து வந்தார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று.

"அதுக்கும் போட மாட்டேன்," என்றேன். "உங்க ஒண்ணுதான் அறுத்துச்சு. ஒண்ணுன்னு எழுதுங்க, போடறேன்."

மேனேஜர் காபியைக் கீழே வைத்தார். "எழுதினா என்ன ஆவும் தெரியுமா? போர்டு சைபர் ஆவும். இருநூறு பேருக்கு டிபன் பாக்ஸ் இல்ல. எழுதலைன்னா ஒண்ணுமே ஆவாது."

ஒன்றுமே ஆகாதாம்! எழுதினால் கை ஆறும்வரை சம்பளத்தோடு லீவு. எழுதாவிட்டால் நான் சீசன் நடுவில் சொல்லாமல் நின்றவள். அப்படி நின்றவர்களை அடுத்த வருஷம் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். அறுக்கிற கை போய், அறுக்கிற இடமும் போனால் நான் எங்கே போவது? அதற்குச் சுவரில் படம் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"மாட்டேன் சார்," என்றேன் மறுபடியும்.

"சரி. புத்தூர்," என்றார் மேனேஜர். கூட்டம் முடிந்தது.

யோசித்துப் பாருங்கள். எலும்புக்குப் பெயர்போன ஊர். அங்கே கட்டுத்தான் போடுவார்கள், தையல் போடமாட்டார்கள். கட்டுப் போட்டால் விபத்தில்லை. என் கையில் எலும்பு உடையவில்லை என்பது ஒரு சின்ன விஷயம், அதைப் பெரிய அதிகாரிகள் கவனிக்க வேண்டியதில்லை.

ஜீப்பில் முன்னால் டிரைவர் கங்கையா, பின்னால் நானும் ஸ்ரீஹரியும் வாழைக்காய்த் தாளும். சித்தூர் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற தெருவும் கண்ணுக்கு எதிரே வந்தது.

"கங்கையண்ணா, நிறுத்து!" என்றேன்.

கங்கையா வண்டியை மெதுவாக்கினார். அவருக்கு மனசு வந்துவிட்டது. ஆனால் ஸ்ரீஹரி பதறிப்போய், "ஒத்து, வேணாம்! நிறுத்தாதே! வண்டியில ஜிபிஎஸ் இருக்குது. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஆஸ்பத்திரின்னு காட்டும்" என்றார்.

"ட்ரிப் ஷீட்ல இன்னா எழுதியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"குலதெய்வம்."

கங்கையா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நொப்பியாம்மா? வலிக்குதா?" என்று கேட்டார். அந்த ஜீப்பில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் ஸ்ரீஹரி முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

என் ஊர் கங்காதர நெல்லூரும் கடந்தது. என் வீட்டுக்காரர் ரோட்டோர டீக்கடையில் நின்றிருந்தார், கம்பெனி ஜீப்பைப் பார்த்துக் கையைக் காட்டினார். நானும் காட்டினேன். துணி சுற்றிய கையைக் காட்டியது தூரத்தில் தெரிந்திருக்காது.

புத்தூர் போய்ச் சேர மணி மூன்று. வைத்தியர் பெயர் ரங்கையா, தாத்தா காலத்திலிருந்து எலும்பு கட்டுகிற குடும்பம். வாசலில் கை, கால், தோள் என்று ஆட்கள் காத்திருந்தார்கள். என் துணியைப் பார்த்தவர் என்னை முன்னால் கூப்பிட்டார். ஏழு பிளாஸ்டரையும் தண்ணீரில் நனைத்து எடுத்தார். விரலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், எலும்பை அங்கங்கே அழுத்தினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"எலும்பு சுத்தமா இருக்குது. இது தையல் கேஸ். எதிர்ல டாக்டரம்மா இருக்காங்க, இப்பவே போங்க. எப்ப அறுத்துது?"

"பதினொரு மணிக்கு."

"நாலு மணி நேரமா எங்க சுத்திக்கினு இருந்தீங்க?"

ஸ்ரீஹரி குனிந்து, "ஐயா, பேருக்கு ஒரு கட்டு போட்டுடுங்க. ரெண்டு முட்டை ஊத்தி, பச்சிலை வெச்சு, பெருசா. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்கினா போதும்" என்றார்.

ரங்கையா அவரை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, இன்னா படிச்சிருக்கே?"

"சேஃப்டியில டிப்ளமா, ஐயா."

"நான் ஒண்ணும் படிக்கல. அதனால எனக்குத் தெரியாததுல கை வெக்க மாட்டேன். இதுமேல பச்சிலை வெச்சுக் கட்டினா உள்ள சீழ் புடிச்சு விரலே போயிடும். வழி விடு, அந்தம்மா போவட்டும்."

ஸ்ரீஹரி வழி விடவில்லை. வாசற்படியில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, ஒரே ஒரு நாள். நாளைக்கு ஃபங்ஷன் முடிஞ்சதும் திருப்பதியில எந்த ஆஸ்பத்திரி கேட்டாலும் நானே கூட்டிக்கினு போறேன். இன்னிக்கு தையல் போட்டீங்கன்னா என் வேலை போயிடும்."

"போடலைன்னா என் வெரல் போயிடும் சார்," என்றேன். "ரெண்டுல எது ஆயிரம் நாளைக்கு அப்புறமாவது திரும்ப முளைக்கும், சொல்லுங்க." இடது கையால் அவரை ஒதுக்கிவிட்டுத் தெருவைத் தாண்டினேன். காலையிலிருந்து எங்கே போவது என்று ஐந்து பேர் எனக்காக முடிவு செய்தார்கள். கடைசியில் போனது இருபது அடி தூரம்.

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"வாழைக்காய் மேடம்," என்றார் பின்னாலேயே ஓடிவந்த ஸ்ரீஹரி.

"தகரம் மேடம். கம்பெனி போர்டுல மாட்டற நம்பர்," என்றேன் நான்.

டாக்டரம்மா காயத்தைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "வாழைக்காய்ல சிவப்பு பெயிண்ட் இருக்காது," என்று சொல்லி, காயத்து ஓரத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் போட்டார். ஐந்து தையல், ஒரு ஊசி. இன்னும் தாமதித்திருந்தால் தையல் போடுவதே கஷ்டம் என்றார். விரலில் உணர்ச்சி மெல்லத் திரும்பும், பத்து நாள் கத்தியைத் தொடக் கூடாது என்றார். எல்லாவற்றையும் சீட்டில் எழுதினார். தேதி, நேரம், 'வேலை இடத்தில் தகரத் தகடு அறுத்தது', கையெழுத்து, முத்திரை. அந்தச் சீட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து என் ஊரில் நான் இறங்கும்போது ஸ்ரீஹரி, "அக்கா, நாளைக்கு வந்துடுங்க. நீங்க வரலைன்னா ஸ்டூல் போடணும். ஸ்டூலுக்கு பர்மிட் கிடைக்க மூணு நாள் ஆவும்" என்றார்.

"வர்றேன் சார்," என்றேன். "நம்பர் மாட்டறது என் வேலையாச்சே."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. பந்தலில் இருநூறு பெண்கள், மடியில் டிபன் பாக்ஸ். கொடுத்ததும் கொடுத்தார்கள், ஃபங்ஷன் முடியும்வரை திறக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டிருந்தார்கள். என் கட்டு தெரியாமலிருக்க வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார் ஸ்ரீஹரி. வைத்துக்கொண்டேன். அந்தத் தகர ஒன்றைக் கழுவித் துடைத்துப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஓரம் அப்படியே இருந்தது.

மேனேஜர் மைக்கைப் பிடித்தார். "ஆயிரம் நாள்! இந்த ஆயிரம் நாளில் ஒரு சொட்டு ரத்தம்கூட நம் பதிவேட்டில் விழுந்ததில்லை. சில கம்பெனிகளில் விபத்து நடந்த பிறகு ஓடுகிறார்கள். நாம் நடந்த பிறகும் ஓடுவதில்லை. நிதானமாக உட்கார்ந்து, நடந்ததா என்று யோசிக்கிறோம். அதுதான் நம் பண்பாடு." எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு ஒரு கைதான் இருந்தது.

சங்கத் தலைவர் வேதாச்சலம் எழுந்து போர்டுக்கு முன்னால் வந்தார். போட்டோக்காரர் மண்டியிட்டார். ஸ்ரீஹரி தட்டில் நான்கு நம்பரை வைத்து நீட்டி, காதோரம், "சிரிச்சுக்கினே அக்கா" என்றார்.

மூன்று ஒன்பதையும் எடுத்தேன். மூன்று சைபரையும் மாட்டினேன். முந்தானையிலிருந்து வலது கையை வெளியே எடுத்தேன். ரவிக்கைக்குள்ளிருந்து டாக்டரம்மாவின் சீட்டை எடுத்து, ஆயிரத்துக்காக அடித்த நான்காவது கொக்கியில் குத்தி மாட்டினேன்.

போட்டோக்காரர் வழக்கம்போல மூன்று தடவை கிளிக் செய்துவிட்டார்.

வேதாச்சலம் கண்ணாடியைத் தூக்கி சீட்டைப் படித்தார். "நம்பர் தப்பா மாட்டிட்டியேம்மா?"

"சரியாத்தான் மாட்டியிருக்கேன் சார். நேத்து பதினொரு மணிக்கு, இந்த எடத்துல, இந்த ரிஹர்சல்ல. அஞ்சு தையல். இன்னியிலேர்ந்து எண்ணுங்க."

மேனேஜர் மைக்கை மூடினார். பிறகு முன்வரிசையில் டிபன் பாக்ஸ் ஒன்று தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. ரத்னம்மா எழுந்து நின்றாள், ஒரு பக்கம் சாய்ந்தபடி. "என் காலையும் எழுதுங்க சார்," என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு பாக்ஸ், இன்னொரு பாக்ஸ்.

தட்டில் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அதை எடுத்து ஸ்ரீஹரியிடம் நீட்டினேன். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டே கையை நீட்டினார்.

"பாத்து புடிங்க சார்," என்றேன். "ஓரம் இன்னும் ராவல. அறுத்துச்சுன்னா உங்களையும் புத்தூருக்குத்தான் கூட்டிக்கினு போவாங்க."